அண்ணாவியாரிடம் பாடம் கேட்ட பட்டதாரிகள்

சர்வகலாசாலையில் நாடகம் என்றால், ஆண்டு விழாவுக்கு ஒரு வேடிக்கை என்றே நம்மில் பலர் கருதுகிறோம். மாணவர்கள் அதில் காலத்தைச் செலவிட்டால் பரீட்சை கெட்டுவிடுமே என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இந்த எண்ணம் சரிதானா என்று ஆராய விரும்புவோர், இலங்கையில் பேராதனைச் சர்வகலாசாலையில் நடந்த காரியத்தைச் சற்றே கவனிக்க வேண்டும்.

1956-ஆம் ஆண்டில் அங்கே ஆசிரியராயிருந்த எதிரிவீர சரச்சந்திரர், சிங்களக் கிராமங்களில் வழங்கிய 'நாடகம' என்னும் கூத்து மரபைத் தழுவி, ஜாதகக் கதை ஒன்றை 'மனமே' என்ற நாடகமாக்கினார். மாணவரும் மாணவியரும் வேஷமிட்டனர். கிராமத்துக் குரு ஒருவர் இசைக்குத் துணை நின்றார். சிங்கள நாடக உலகமே விழித்துக்கொண்டது.

அதே கலாசாலையில் தமிழ் போதித்த சு. வித்தியானந்தன் அவர்கள், மட்டக்களப்புக் கூத்தின்பால் கவனத்தைத் திருப்பினார். படித்தவர்கள் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிய கலை அது. 1962-இல் 'கர்ணன் போர்', 1963-இல் 'நொண்டி நாடகம்', அவற்றின் பின் 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவை மாணவர்களால் ஆடப்பட்டன.

இங்கேதான் விசேஷம் இருக்கிறது. கூத்தைப் பழக்கும் குருவுக்கு அண்ணாவியார் என்று பெயர். அவர் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் மத்தளமும் தாளமும் வடமோடி, தென்மோடி ஆட்டங்களும் அவருக்குக் கைவந்தவை. பேராசிரியர் பிரதியைச் சீர்செய்தார். அண்ணாவியார் ஆட்டத்தைப் பழக்கினார். மாணவர்கள் இருவருக்கும் சீடரானார்கள். கூத்தில் ஒருவன் மட்டும் பெயரெடுக்க இடமில்லை. அரசன் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாட வேண்டும். மத்தளம் அவன் காலடிக்கு இசைய வேண்டும். ஒருவர் தவறினால் அரசன் கொலுவும் குலைந்து போகும். பிறர் குரலுக்குச் செவி கொடுக்கும் இந்தப் பயிற்சியை எந்தப் பிரசங்கத்தால் அளிக்க முடியும்?

இதில் நஷ்டமே இல்லையென்று சொல்வதற்கில்லை. விடிய விடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. ஜனங்கள் சுற்றி அமர்ந்து பார்த்த வட்டக்களரி போய், ஒருபுறம் மட்டும் திறந்த மேடை வந்தது. ஆனால் கூத்தை இகழ்ந்தவர்களின் பிள்ளைகளே அதை ஆடியபோது, அதற்குக் கௌரவம் பிறந்தது. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, கூத்தை ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உரிய பொருளாக்கினார். வேடிக்கை என்று விட்டிருந்தால் இந்தப் பலன் கிட்டியிருக்குமா?

நம் ஊர்களிலும் தெருக்கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள். அருகிலேயே கலாசாலைகளும் இருக்கின்றன. அவர்களை ஆண்டு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. ஒரு பருவம் முழுவதும் ஆசிரியராக அமர்த்தி, மாணவர்களை அவர்களிடம் ஒப்புவிக்க வேண்டும். வீட்டுப் பிள்ளை நாடகத்தில் சேர அனுமதி கேட்டால், பெற்றோரும் மறுக்காமல் அனுப்பி வைக்கட்டும்.