கண்ணாடிக்கு எப்போது விடை கொடுக்கலாம்?



உங்கள் வகுப்பில் கண்ணாடி அணிந்தவர்கள் எத்தனை பேர் என்று நாளை எண்ணிப் பாருங்கள். கண்ணாடி பிடிக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஓடிப் பிடித்து விளையாடினால் கழன்று விழுகிறது, மழை பெய்தால் எதுவும் தெரியவில்லை, 'சோடாபுட்டி' என்று கேலி வேறு!

கூடவே ரகசியம் போல ஒன்றும் சொல்வார்கள். "எங்க சித்தப்பா லேசர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு. இப்போ கண்ணாடியே கிடையாது. நானும் பண்ணிக்கப் போறேன். அப்புறம் எதுக்கு இந்தக் கண்ணாடி?"

நல்ல கேள்விதான். ஆனால், அந்தக் கேள்வியை நம்பிக் கண்ணாடியைப் புத்தகப் பைக்குள் ஒளித்து வைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். மதிப்பெண் குறையும். 'மந்தமான பிள்ளை' என்று பெயர் கிடைக்கும். குறை அறிவில் இல்லை, கண்ணில்தான்! ஆகவே, இந்த அறுவை சிகிச்சை என்பது என்ன, யாருக்கு, எப்போது என்று தெரிந்துகொள்வோம்.

கண் ஏன் மங்கலாகிறது?

நம் கண்ணின் முன்பக்கத்தில், கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி இருப்பது போல, ஒளி புகும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதன் பெயர் கார்னியா. அதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. காற்றில் இருந்தே ஆக்சிஜனைப் பெற்றுக்கொள்கிறது!

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இந்தக் கார்னியாதான். மிச்சத்தை உள்ளே இருக்கும் லென்ஸ் செய்கிறது. ஒளி சரியாகப் பின்புறச் சுவரில் உள்ள விழித்திரையில் குவிந்தால் காட்சி தெளிவாகத் தெரியும்.

பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். சிலருக்குக் கண் கொஞ்சம் கூடுதலாக நீண்டுவிடும். அப்போது ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். பக்கத்தில் உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது மங்கும். இதுதான் கிட்டப்பார்வை. ஒரே ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை 'பவர்' ஏறிவிடும்!

ஒரு சின்னக் கணக்கு

உங்கள் கண்ணாடிச் சீட்டில் 'மைனஸ் 2' என்று எழுதியிருக்கிறதா? 100ஐ 2ஆல் வகுத்துப் பாருங்கள். 50 வரும். கண்ணாடி இல்லாமல் 50 சென்டிமீட்டர் வரைதான் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் என்று பொருள். மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர். உங்கள் அடிக்கோலை விடக் குறைவு! கரும்பலகை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடியை ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்று புரிகிறதல்லவா?

வான்கோழி செய்த உதவி

கண்ணின் நீளத்தைக் குறைக்க முடியாது. ஆனால், முன்னால் இருக்கும் கார்னியாவின் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினால், ஒளி பின்னால் தள்ளிப்போய் விழித்திரையில் குவியும் அல்லவா? இந்த யோசனைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் வாழ்ந்த மருத்துவர் ஹோசே பராக்கர் 1949இல் இதைப் பற்றி எழுதினார். கார்னியாவின் ஒரு சீவலை எடுத்து, உறைய வைத்து, கடைசல் இயந்திரத்தில் செதுக்கி, மறுபடி தைத்துவிடுவது அவர் முறை. 1970களில் மாஸ்கோ மருத்துவர் ஸ்வியாட்டஸ்லாவ் ஃபியோதரவ், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல கார்னியாவில் கத்தியால் கோடுகள் கீறினார். இதனால் பலருக்குப் பார்வை தெளிந்தது. ஆனால், கையால் கீறுவது எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையவில்லை. சிலருக்கு ஆண்டுகள் போகப் போகப் பார்வை மாறிக்கொண்டே இருந்தது.

கத்தியை விட நுட்பமான கருவி ஒன்று வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் சென்னையில் பிறந்த ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு!

அவர் பெயர் ரங்கசாமி சீனிவாசன். 1929இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்கா சென்று, நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில் அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி தெரிவிக்கும் நாள் வந்தது. அன்று வீடுதோறும் வான்கோழி விருந்து. மறுநாள் சீனிவாசன் மிச்சமிருந்த வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார். சாப்பிட அல்ல! 'எக்சைமர்' என்ற புற ஊதா லேசர் ஒளியை அதன் மேல் பாய்ச்சினார். கருகல் இல்லை, தீய்ந்த வாடை இல்லை. செதுக்கி எடுத்தது போல சுத்தமான பள்ளம் விழுந்தது. அதாவது, சுற்றியுள்ள சதையைச் சுடாமல் தேவையான இடத்தை மட்டும் இந்த ஒளி நீக்குகிறது!

சக விஞ்ஞானிகளான ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதை வளர்த்தெடுத்தார். பிறகு கண் மருத்துவர் ஸ்டீபன் டிராக்கல் அவருடன் சேர்ந்து, 1983இல் மாட்டுக் கண்களில் சோதித்தார். 1988இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், மருத்துவர் மார்கரீட் மெக்டொனால்டு பார்வையுள்ள மனிதக் கண்ணில் முதன்முதலாக இந்தச் சிகிச்சையைச் செய்தார். அதற்குத் தன் கண்ணைத் தந்தவர் யார் தெரியுமா? புற்றுநோயால் அந்தக் கண்ணையே அகற்ற வேண்டியிருந்த ஒரு பெண்மணி. 'எப்படியும் எடுக்கப் போகும் கண் பிறருக்குப் பயன்படட்டுமே' என்ற பெரிய மனம் அவருக்கு!

2013இல் அமெரிக்க அதிபர் ஒபாமா, சீனிவாசனுக்கும் அவருடைய இரு நண்பர்களுக்கும் நாட்டின் உயரிய தொழில்நுட்பப் பதக்கத்தை அணிவித்தார்.

இன்று என்னென்ன வழிகள்?

முதலாவது, பி.ஆர்.கே. கார்னியாவின் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசரால் செதுக்குவார்கள். தோல் சில நாளில் வளர்ந்து மூடிக்கொள்ளும். அதுவரை வலியும் கூச்சமும் இருக்கும்.

இரண்டாவது, லேசிக். கார்னியாவின் மேலே ஒரு மெல்லிய ஏட்டைப் புத்தகப் பக்கம் போலத் திறப்பார்கள். உள்ளே லேசரால் செதுக்கிவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து போதும், ஊசி இல்லை. லேசர் வேலை செய்வது சில நொடிகள்தான். மறுநாளே பலருக்குப் பார்வை தெளிந்துவிடும்.

மூன்றாவது, ஸ்மைல். ஏடு திறக்காமலே, கார்னியாவுக்கு உள்ளேயே லேசரால் ஒரு சின்னச் சில்லை வெட்டி, பக்கத்தில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள துளை வழியாக உருவி எடுப்பார்கள்.

நான்காவது, ஐ.சி.எல். பவர் மிக அதிகமாக இருப்பவர்களுக்கும் கார்னியா மெல்லியதாக இருப்பவர்களுக்கும் செதுக்குவதற்கு இடம் போதாது. அவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே, சொந்த லென்ஸுக்கு முன்னால், மெல்லிய செயற்கை லென்ஸ் ஒன்றைப் பொருத்துவார்கள். தேவையானால் அதைத் திரும்ப எடுத்துவிடலாம்.

'எவ்வளவுதான் செதுக்குவார்கள்?' என்கிறீர்களா? மைனஸ் 3 உள்ளவருக்கு லேசிக்கில் எடுப்பது ஒரு தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ பாதி! ஆனால் அந்தப் பாதி முடி அளவு மறுபடி வளராது. எடுத்தது எடுத்ததுதான்.

அப்படியானால் இப்போதே செய்தால் என்ன?

இதற்கான பதில் உங்கள் சட்டையில் இருக்கிறது. போன தீபாவளிக்குத் தைத்த சட்டை இந்த தீபாவளிக்குச் சின்னதாகிவிடுகிறது அல்லவா? கண்ணும் அப்படித்தான். பிறந்தபோது சுமார் 17 மில்லிமீட்டர் இருந்த கண், உங்களோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கிறது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் பவர் ஏறிக்கொண்டு போவது வழக்கம்.

பத்து வயதில் கார்னியாவைச் செதுக்கினால், பன்னிரண்டு வயதில் கண் இன்னும் நீண்டு, மறுபடி மங்கும். மறுபடி செதுக்க வேண்டும். இருப்பதோ அரை மில்லிமீட்டர்! அளவுக்கு மீறிச் செதுக்கினால் கார்னியா வலுவிழந்து முன்னால் புடைத்துவிடும். சட்டையைப் பிரித்துத் தைக்கலாம். கண்ணைப் பிரித்துத் தைக்க முடியுமா?

அதனால்தான் 18 வயது நிறைய வேண்டும், குறைந்தது ஓராண்டாவது பவர் மாறாமல் நிற்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வயது வந்துவிட்டாலும் கார்னியாவின் தடிமன், வளைவு, விழித்திரையின் நலம் எல்லாவற்றையும் சோதித்த பிறகே முடிவு செய்வார்கள். 'உங்களுக்கு இது ஒத்துவராது' என்று திருப்பி அனுப்பப்படுவோரும் உண்டு. அப்படிச் சொல்பவரே நல்ல மருத்துவர்!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கண் உலர்ந்துபோகும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். நாற்பது வயதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். நீண்ட கண் நீண்ட கண்ணாகவேதான் இருக்கும் என்பதால், விழித்திரையை அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும்.

சிறுவர்களுக்குக் கண் அறுவை சிகிச்சையே கிடையாதா?

உண்டு! கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கும், சில வகை மாறுகண் உள்ள குழந்தைக்கும் மருத்துவர் சொன்னால் தாமதிக்கவே கூடாது. அது கண்ணாடியை விடுவதற்கான சிகிச்சை அல்ல, பார்வையைக் காப்பாற்றும் சிகிச்சை.

ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் பயன்படுத்தப் பழகிவிடும். இதைச் 'சோம்பேறிக் கண்' என்பார்கள். ஏழு, எட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிப் பழக்கினால் நல்ல பலன் கிடைக்கும். விட்டுவிட்டால், பின்னாளில் எந்த லேசராலும் அந்தப் பார்வையை முழுதாகத் தர முடியாது. ஆகவே உங்கள் வீட்டுத் தம்பி, தங்கையின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

கொடுத்த கண்ணாடியைத் தவறாமல் போடுங்கள். 'கண்ணாடி போட்டால் பவர் ஏறும்' என்பது வெறும் பேச்சு. ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணைச் சோதியுங்கள்.

நாள்தோறும் வெளிச்சத்தில் விளையாடுங்கள். தைவான் நாட்டுப் பள்ளிகளில் 2010 முதல், பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று ஊக்குவிக்கிறார்கள். திறந்தவெளி ஒளி கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது என்பதே காரணம். ஆனால், சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது!

புத்தகத்தையும் செல்போனையும் முகத்தோடு ஒட்டிப் பிடிக்காதீர்கள். கண்ணைக் கசக்காதீர்கள். பவர் வேகமாக ஏறினால், அந்த வேகத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தும் உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கண்ணாடி போடாத பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நண்பனை 'சோடாபுட்டி' என்று ஒரு தடவை கூப்பிட்டால், அவன் ஒரு மாதம் கண்ணாடியைப் பையில் ஒளித்து வைப்பான். உங்கள் விளையாட்டுப் பேச்சு அவன் படிப்பையே கெடுத்துவிடும். மாறாக, "உனக்கு இது நல்லா இருக்குடா!" என்று சொல்லிப் பாருங்கள்.

கண்ணாடி அணிந்த செல்வங்களே! பதினெட்டு வயது வரட்டும். மருத்துவரிடம் உட்கார்ந்து, நன்மை தீமைகளைக் கேட்டு, பெற்றோருடன் பேசி, வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதுவரை கரும்பலகையில் உள்ள ஒரு எழுத்தையும் தவற விடாமல் படியுங்கள். என்ன, சரிதானே?