கொடுத்தால் மட்டும் போதுமா?

உண்டியலில் காணிக்கை இட்டதோடு நம் பிறரன்புக் கடமை முடிந்துவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். அப்பணத்தால் எவர் வாழ்வு நிமிர்ந்தது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? நிலம் வாங்குவதென்றால் ஆயிரம் விசாரிக்கும் நாம், தர்மம் என்றதும் கண்ணை மூடிக்கொள்வதேன்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இதைச் சிந்தித்தவர் பால் பிரெய்னர்டு. அச்சுப் பக்கங்களை அமைக்கும் 'பேஜ்மேக்கர்' மென்பொருளை அளித்த ஆல்டஸ் நிறுவனத்தை 1984-இல் தொடங்கியவர் அவர். 1994-இல் அந்நிறுவனம் அடோபியோடு இணைந்தது. 1997-இல் அவர் நண்பர்களோடு 'சோஷியல் வென்ச்சர் பார்ட்னர்ஸ்' என்னும் அமைப்பை உருவாக்கினார்.

துணிகர முதலீட்டாளர் புதிய தொழிலுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை; பல ஆண்டுகள் உடன் நின்று, நிர்வாகத்திலும் ஆலோசனையிலும் தோள் கொடுக்கிறார். இம்முறையையே அவர்கள் அறப்பணிக்குக் கொண்டுவந்தனர். ஆளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 டாலர் பொதுநிதியில் சேர்த்து, உதவிபெற வேண்டிய உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களைக் கூடித் தேர்ந்தனர். சில ஆண்டுகள் தொடர்ந்து உதவினர். கணக்கறிந்தவர் கணக்கறிவையும், கணினி அறிந்தவர் அத்திறனையும் காணிக்கையாக்கினர். பெயர் பொறித்த கட்டடத்துக்குக் கொடுக்க நம்மில் பலர் உண்டு. எழுத்தர் சம்பளத்துக்குக் கொடுப்பவர் அரியர். நிறுவனமே வலுப்பெறாமல் அதன் பணி நிலைக்காது என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆயினும் இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. முதலீட்டாளர் பலனைக் கணக்கிடுவார். வேலை பெற்ற இளைஞனைக் கணக்கில் காட்டலாம். மரணப் படுக்கையில் கிடக்கும் மூதாட்டியின் கையைப் பற்றியிருந்த நேரத்தை எந்த ஏட்டில் எழுதுவது? பலன் தெரியும் இடத்துக்கே கொடுப்போமெனில், எளியவரிலும் எளியவர் வாசலுக்கு வெளியே நிற்க நேரும். பணம் தருபவரே எல்லாம் அறிந்தவர் என்னும் செருக்கு, களத்தில் பல்லாண்டு உழைத்தவரின் வாயை அடைத்துவிடவும் கூடும்.

1833-இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் மாணவரும் தோழர்களும் தொடங்கிய பணியே இன்று நாம் அறிந்த வின்சென்ட் தே பவுல் சபை. ஏழையின் இல்லத்துக்கே சென்று அவரைச் சந்திப்பதே அதன் உயிர்நாடி. கணக்கு கேட்பது நல்லது. அதற்குமுன் அவர்கள் குரலைக் கேட்பது அதனினும் நல்லது.

நம் பங்கிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் உண்டு; வங்கியில் பணிபுரிவோர் உண்டு; தையல் தெரிந்த தாய்மார் உண்டு. காணிக்கையோடு வாரம் ஒரு மணி நேரத்தையும் நாம் சேர்த்துக் கொடுத்தால் என்ன? இன்றிரவு குடும்பமாக அமர்ந்து இதைப் பேசுவோமாக.