கல்லாற்றுக்கு அடுத்த சொல்

டீயை ஆற்றிக் குடியுங்கள், அவசரமில்லை. கல்லாற்றைத் தாண்டினால் பொன்முடி உச்சிவரை 22 கொண்டை ஊசி வளைவுகள். பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்தால் இங்கே கொஞ்சம் இறங்கி நிற்பது நல்லது. நிற்கிற நேரத்தில் ஒன்று சொல்கிறேன்: மேலே ஏறும் முன் அவர்கள் கையிலுள்ள போனை வாங்கிப் பையில் போடுங்கள். அதற்குப் பதிலாக வாய்க்கு வேலை கொடுங்கள்.

போன் கெட்டது என்று பொதுவாகப் புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு, அவற்றுக்குள் திரவம். வண்டி வளையும்போது அந்தத் திரவம் அசைந்து, "திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. மடியிலுள்ள திரையைப் பார்க்கும் கண்ணோ, "எதுவும் அசையவில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது தலை சுற்றும், எச்சில் ஊறும், பிறகு வாந்திதான். 2 வயதிலிருந்து 12 வயதுவரை இந்தத் தொல்லை அதிகம். வண்டி ஓட்டுகிறவருக்கு அநேகமாக வராது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்பதை அவர் கண் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. பிள்ளைகளுக்கும் அதுதான் மருந்து. கண் சாலையில் இருக்க வேண்டும். கதைப் புத்தகம் கொடுத்தாலும் கண் மடிக்குத்தான் போகும். சொல் விளையாட்டுக்குக் காதும் வாயும் போதும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு நாகர்கோவிலிலிருந்து வரும்போது விளையாடுவது சொற்சங்கிலி. ஒருவர் சொன்ன சொல் முடியும் எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். விதுரை தாண்டியதும் சின்னவன் வழிகாட்டிப் பலகையைப் பார்த்துக் "கல்லாறு!" என்றான். அக்காள்காரிக்கு முறை. "று... று..." என்று ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "மாமா, று-வுல ஒண்ணுமே இல்லியே, இவன் கள்ளாட்டம் ஆடுறான்!"

அவள் சொன்னது சரி. தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளுக்கும் முதலிடம் இல்லை என்பது தொல்காப்பியக் காலத்திலிருந்தே உள்ள விதி. ஆனால் சொல்லின் கடைசியில் இவைதான் நிறைய வரும்: கடல், தேர், மீன், மண், தமிழ், ஆறு. இதில் ட, ர, ல மூன்றையும் டயரும் ரயிலும் லாரியும் காப்பாற்றிவிடும். மற்றவை வந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பிள்ளைகள் நாலைந்து சுற்றில் சலித்துப் போவது அவர்களுக்குப் பொறுமை இல்லாததால் அல்ல, இந்த முட்டுச்சந்தால்தான். அதைத் திறந்துவிடுவது பெரியவர்கள் வேலை.

திறக்கும் வழியை நம் யாப்பிலக்கணம் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது. அந்தாதி என்றால் ஒரு செய்யுளின் முடிவே அடுத்ததன் தொடக்கமாக வருவது. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்கள் இப்படிக் கோத்து நிற்கின்றன. ஆனால் எழுத்தை மட்டும்தான் எடுத்துக் கோக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; எழுத்து, அசை, சீர், அடி என நான்கில் எதைக் கொண்டும் கோக்கலாம். ஆக எழுத்து முட்டினால் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். "று" வேண்டாம், "ஆறு" எடுத்துக்கோ என்றேன். பிறகு பாருங்கள்: கல்லாறு, ஆறுமுகம், முகவரி, வரிக்குதிரை, குதிரைவால், வால்மிளகு, மிளகுரசம், ரசவடை, வடைமாலை, மாலைநேரம். ரசவடை வந்தபோது இருவருக்கும் பசி வந்துவிட்டது, அது வேறு.

இந்தச் சங்கிலியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. முகம் என்பது முகவரியில் "ம்" இழக்கிறது. ரசம் ரசவடையில் இழக்கிறது. மகர மெய் கெடும் என்று வகுப்பில் நெட்டுருப் போட வைக்கும் புணர்ச்சி விதி இது. ஏழு வயதுப் பையன் அதை யாரும் சொல்லாமலே செய்தான். "ரசம்வடை" என்று அவன் வாயில் வரவே இல்லை. தெரிந்ததைத் தெரிந்ததென்று அந்த இடத்தில் ஒரு முறை சுட்டிக்காட்டினால் போதும். பாடமாக நீட்டினால் பிள்ளை மறுபடி போனைக் கேட்பான்.

கேரள எல்லை தாண்டியதும் இன்னொரு கதவும் திறக்கிறது. மலையாளத்தில் ரப்பரையும் ரோட்டையும் நம் "ற"வுக்கு இணையான எழுத்தில்தான் தொடங்கி எழுதுகிறார்கள். நெடுமங்காட்டிலிருந்து விதுரை வரும் வழியெங்கும் ரப்பர்த் தோட்டம். கடைப் பலகைகளில் அந்த எழுத்தைத் தேடச் சொல்லலாம். யாழ்ப்பாணத்திலும் றப்பர், றோட்டு என்றுதான் எழுதுவார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்த பிள்ளை உங்கள் வண்டியில் இருந்தால் ற-வரிசையில் ஜெயிப்பது அவள்தான். பலகைகளில் உ, எ, ண, த போன்றவை நம் எழுத்தின் சாடையிலேயே இருக்கும். முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு புள்ளி. தூரத்துப் பலகையைத் தேடும் கண் வண்டிக்கு வெளியேதானே இருக்கிறது.

கேரளத்தாருக்கு இதில் ஒரு பழைய சொத்தும் உண்டு: அட்சரசுலோகம். ஒருவர் நான்கடிச் சுலோகம் சொல்ல, அதன் மூன்றாம் அடியின் முதல் எழுத்தில் தொடங்கும் சுலோகத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். எழுத்தைக் கடைசியிலிருந்து எடுக்காமல் அடியின் தொடக்கத்திலிருந்து எடுப்பதைக் கவனியுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு சொல் தொடங்கியிருப்பதால், சொல் தொடங்க முடியாத எழுத்து வந்து நிற்கும் பேச்சே இல்லை. யோசித்து வைத்த விதி. நம் பக்கம் பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திய பாட்டுக்குப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் முன் இருக்கையில் இருப்பீர்கள். அதையும் ஆடலாம். ஆனால் பெரியவர்களே பாடித் தீர்த்துவிடுவோம். பிள்ளைகளுக்கு முறை வராது. நான் அதைத் திரும்பும் வழிக்கு வைத்துவிடுவேன்.

இன்னொன்று வண்டி எண். களியக்காவிளை தாண்டினால் பாறசாலைக்கு கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்கு 20, நெடுமங்காட்டுக்கு 21 என்று வரிசையாக ஏறும். அதைப் பார்த்துவிட்டு, எண்ணின் கடைசி இலக்கம் எத்தனையோ அத்தனை எழுத்துச் சொல் சொல்ல வேண்டும். 1 என்றால் பூ, தீ, கை. 4 என்றால் கல்லாறு. 8 வந்தால் எதிரே தெரிகிற தேயிலைத்தோட்டம். புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்து விரல்விட்டு எண்ணுவார்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மேலானது விடுகதை. தெரிந்த பழைய விடுகதையை ஒப்பிப்பதைச் சொல்லவில்லை. ஜன்னலில் கண்டதைக் கொண்டு புதிதாகக் கட்டுவது. "வெட்டினால் வெள்ளைக் கண்ணீர்; துடைக்க ஆளில்லை, பிடிக்கக் கிண்ணம் உண்டு" என்று பெரியவள் கட்டினாள். பால்வெட்டும் ரப்பர் மரத்தைச் சரிவான கீறலும் கட்டிய சிரட்டையுமாகப் பார்த்தவள்தான் இதைச் சொல்ல முடியும். கல்லாற்றில் கால் நனைத்துவிட்டு வந்த தம்பி, "உளி இல்லாத தச்சன், உருட்டி வைத்தான் கல்லை" என்றான். விடை ஆறு. மழைவெள்ளம் பாறைத் துண்டுகளை ஒன்றோடொன்று உரசிக் கொண்டுவந்து முனை மழுக்கியதால்தான் இந்த ஆற்றில் இத்தனை உருண்டைக் கற்கள். இதை நான் விளக்கத் தொடங்கும் முன்பே அவன் பாதி கண்டுபிடித்திருந்தான். விடுகதை கட்ட வேண்டுமென்றால் பொருளை நிஜமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

வளைவுகள் தொடங்கியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அடுத்தது இடமா வலமா என்று முன்கூட்டிச் சொல்லும் வேலையை மட்டும் கொடுங்கள். வளைவுக்கு வளைவு ஒரு பிள்ளை முறை, எண்ணிக்கையும் அவர்களே. முன்கூட்டித் தெரிந்தால் உடம்பு தயாராகும், குமட்டல் குறையும்.

ஓட்டுகிறவரை மட்டும் எந்த ஆட்டத்திலும் சேர்க்காதீர்கள், நடுவராகக்கூட. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டம். ஆனால் மேலிருந்து இறங்கும் பேருந்து வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பது முதலில் ஹாரனில்தான் தெரியும். ஹாரன் கேட்டால் வண்டிக்குள் எல்லோரும் வாயை மூட வேண்டும், பேருந்து போனபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இந்த விதியை மற்ற எல்லா விதியையும் விடக் கறாராகக் காப்பார்கள். மறந்து பேசுகிற பெரியவருக்குப் புள்ளி குறைப்பதும் அவர்களே.