மூழ்கு வாத்துகளும் தாய்வழி மரபும்

வாத்துகளை அவை இரை தேடும் முறை கொண்டு இரு கூறாகப் பகுப்பர். தலையை மட்டும் நீருள் கவிழ்த்து மேய்வன ஒரு வகை. உடல் முழுவதும் அமிழ்ந்து, அடித்தரையிலுள்ள கிழங்கையும் நத்தையையும் பற்றி மேலெழுவன மற்றொரு வகை. பின்னவற்றையே நாம் மூழ்கு வாத்துகள் என்கிறோம். (நம் ஏரிகளில் அமிழ்ந்தெழும் முக்குளிப்பான் வாத்தன்று, அது முற்றிலும் வேறு குடும்பத்தது.) மூழ்கு வாத்துகளுள் 'ஐதியா' என்னும் பேரினத்தில் பன்னிரண்டு இனங்கள் உள. அவற்றுள் மடகாஸ்கர் போச்சார்டு, பேயர் போச்சார்டு ஆகிய இரண்டும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. இவற்றைக் காக்க முற்படுவோர், எது எதற்கு உறவு, எது தனியினம், எது கலப்பு என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

நெடுங்காலம் இவ்வுறவை இறகின் நிறமும் எலும்பின் அமைப்புமே உணர்த்தி வந்தன. அவை பலகால் மெய்யுரைக்கும், சிலகால் ஏமாற்றும். அசாம் மாநிலத்தின் மாநிலப் பறவையாகிய வெண்சிறகு வாத்தை நோக்குவோம். அடர்காட்டுக் குட்டைகளில் வாழும் இப்பறவையை, தென்னமெரிக்காவின் மஸ்கோவி வாத்தோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தனர். பருத்த உடலும் காட்டு வாழ்க்கையும் இரண்டுக்கும் பொது. ஆயின் 1999இல் ஜான்சனும் சோரன்சனும் வெளியிட்ட மரபணு ஆய்வு, அது மூழ்கு வாத்துகளுக்கே நெருங்கியதாகலாம் எனக் காட்டிற்று. அவர்கள் படித்தது உட்கருவின் ஏட்டையன்று, மைட்டோகாண்ட்ரியாவின் ஏட்டை.

உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு, உட்கருவினின்றும் வேறாகத் தனக்கென ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. வாத்துகளில் அதன் நீளம் ஏறத்தாழ 16,600 எழுத்துகள். அதில் அடங்கும் மரபணுக்கள் 37. உட்கருவின் ஏடு நூறு கோடி எழுத்துகளுக்கு மேற்பட்டது என்பதை நினைத்தால் இதன் சிறுமை விளங்கும். எனினும் ஓர் உயிரணுவில் இவ்வளையத்தின் படிகள் நூற்றுக்கணக்கில் இருத்தலால், அருங்காட்சியகத்தில் உலர்ந்து கிடக்கும் பழந்தோலினின்றும் இதனை மீட்டல் கூடும். இது விரைந்து மாறுவதால் அண்மைக் கிளைப்பிரிவுகளையும் காட்டும். இவற்றினும் முதன்மையானது, இது தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது என்பதாம். தந்தையின் பங்கு இதில் ஏறக்குறைய இல்லை.

இவ்வளவு நல்ல சான்றிலும் ஒரு சிக்கல் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் சில, எப்போதோ உட்கருவினுள் புகுந்து ஒட்டிக்கொண்டன. 1996இல் சோரன்சனும் பிளைஷரும் ஏழு மூழ்கு வாத்தினங்களில் இத்தகைய போலிப் படிகளைக் கண்டனர். கடந்த பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்குள் ஆறுமுறை தனித்தனியே இவ்விடமாற்றம் நேர்ந்திருக்கிறது என்பது அவர்தம் கணிப்பு. உட்கருவில் அமர்ந்த படி மெல்ல மாறும். ஆதலின் அது பழைய முன்னோரின் சாயலைத் தாங்கி நிற்கும். ஆய்வுக்கூடத்தில் உண்மைப் படிக்கு மாறாக இப்போலி பெருகிவிடின், உறவுக் கிளை தவறான இடத்தில் ஒட்டும். பறவைகளின் இரத்தச் சிவப்பணுவில் உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியாவோ குறைவு. ஆகையால் இரத்தத்தினும் தசையே இவ்வாய்வுக்கு ஏற்றது. அழியும் பறவையிடமிருந்து தசையைக் கொள்ளுதல் எளிதோ? ஒரு துளி இரத்தமே பெரிது.

இனிப் பேயர் போச்சார்டுக்கு வருவோம். 1863இல் ராடே என்பார் இதனை விவரித்து, கருவளர்ச்சியியல் அறிஞர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயரின் பெயரைச் சூட்டினார். பாலூட்டிகளின் கருமுட்டையை 1827இல் கண்டவர் அவரே. தாய்வழி ஆய்வுக்கு இலக்கான ஒரு பறவைக்கு அவர் பெயர் அமைந்தது தற்செயலே. உருசியாவின் கீழ்க்கோடியிலும் சீனத்திலும் ஈனும் இவ்வாத்து, முன்பு வங்கத்திலும் அசாமிலும் குளிர்காலம் கழித்தது. 2012இல் இது மிக அருகிய இனமென அறிவிக்கப்பட்டது.

துணை அரிதாகியபோது இதன் உறவினமாகிய செம்பழுப்புப் போச்சார்டுடன் இது கலப்பதைச் சீனத்தில் கண்டுள்ளனர். ஐதியா இனங்கள் தம்முள் எளிதில் கலப்பன. பேயர் பெடையொன்று அயலினச் சேவலோடு சேர்ந்தால் பிறக்கும் குஞ்சின் மைட்டோகாண்ட்ரியா முழுமையும் பேயர். உட்கருவிலோ பாதியே பேயர். அதன் மகளும் பேத்தியும் அயலினச் சேவலையே நாடின், பேத்தியின் பிள்ளையிடம் உட்கருப் பங்கு பதினாறில் ஒன்றாகச் சுருங்கும். மைட்டோகாண்ட்ரியாவைப் படிப்பவர்க்கோ அது இன்னும் கலப்பற்ற பேயராகவே தோன்றும். பேயர் சேவலும் அயலினப் பெடையும் சேர்ந்தாலோ, தந்தையின் மரபு ஒரு சுவடும் இன்றி மறையும். வளர்ப்பகத்தில் இணைசேர்க்கும் பறவையை இச்சான்று ஒன்றை மட்டும் நம்பித் தேர்ந்தால், காக்க எண்ணியதையே நாம் கைந்நழுவ விடக்கூடும். எனவே உட்கரு மரபணுக்களையும் உடன்வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது என்பது நம் கருத்து.

மடகாஸ்கர் போச்சார்டின் நிலை வேறு. அழிந்ததென்றே கருதப்பட்ட இது, 2006இல் வடக்கு மடகாஸ்கரின் ஒதுக்கமான ஏரியொன்றில் இருபத்தைந்துக்கு மேற்படாத சிறு கூட்டமாகக் கண்டெடுக்கப்பட்டது. 2009இல் சில கூடுகளின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பித்து வளர்ப்பைத் தொடங்கினர். இங்குக் கலப்பினும் பெரிய கவலை, எஞ்சிய தாயரின் எண்ணிக்கையே. ஒரு கூட்டில் பத்துக் குஞ்சுகள் பொரித்தாலும் அவை ஏந்துவது பெரும்பாலும் ஒரே தாயின் வளையத்தை. பெண்மகவின்றி ஒரு தாய் மறையின் அவள் வழி அங்கேயே அற்றுப்போகும். 2018இல் சோபியா ஏரியில் விடப்பட்ட 21 வாத்துகளும் அச்சிலரின் வழித்தோன்றல்களே.