அலுவிகாரை ஏடுகளும் அவற்றைப் புரந்தோரும்

கலைத்தொழில்களுக்குப் பொருளுதவி என்னும் விடயம் அண்மைக் காலத்திற் பெரிதும் பேசப்படுகின்றது. தரவுகளைத் தொகுத்து, அவற்றினின்று புதிய ஆக்கங்களைத் தோற்றுவிப்போருக்கு அரசும் பல்கலைக்கழகங்களும் நிதி வழங்குதல் வேண்டும் என்பது அப்பேச்சின் சாரம். 2018 இல் எடின்பரோவில் தொடங்கப்பெற்ற ‘கிரியேற்றிவ் இன்போமற்றிக்ஸ்’ திட்டம் கலைஞருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இவ்வகையில் உதவியது. இதனை முற்றிலும் புதுவதென எண்ணுவோர், மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவிற் கண்டி – யாழ்ப்பாண வீதியருகே அமைந்துள்ள அலுவிகாரையை ஒருகால் நினைத்துப் பார்த்தல் தகும்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் இங்குள்ள பாறைக் குகைகளில் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் கூறுகின்றது. ஆனால் இடத்தின் பெயரைக் கூறவில்லை. அலுவிகாரை என்னும் பெயர் பிற்கால நூல்களிலேயே வருகின்றது. எழுதவேண்டிய தேவை எவ்வாறு எழுந்தது? கொடிய பஞ்சம், தென்னிந்தியப் படையெடுப்பு, ஆட்சி மாற்றம் ஆகியன தொடர்ந்து வந்தமையால், ஓதுவார் மாண்டால் ஓத்தும் மாளும் என்ற நிலை ஏற்பட்டது. இவ்விடத்து நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்பெரும்பணி தலைநகராகிய அனுராதபுரத்தில் நிகழவில்லை. மன்னனன்றி உள்ளூர்த் தலைவன் ஒருவனே இதற்கு ஆதரவளித்தான் என்பதை வல்பொல ராகுலர் 1956 இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். பெருநிதியம் கைவிட்ட வேளையில் சிறுபுரவலன் கைகொடுத்தான் எனலாம்.

ஆதரவு என்பது ஈண்டு வெறும் பொன்னன்று. தாளிப்பனையின் இளங்குருத்தை வெட்டி, ஈர்க்கு நீக்கி, நீரிலே அவித்து, உலர்த்தி, உருளைக் கட்டையில் இழுத்து மெருகேற்றினாலன்றி ஏடு எழுதத் தகாது. பின்னர் எழுத்தாணியாற் கீறி, கரியும் குங்கிலிய எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைத்தல் வேண்டும். இத்தனை கைகளுக்கும் சோறிட ஒருவர் வேண்டும். வடபுலத்தில் நாம் பனையோலையைக் கையாண்டோம். சிங்களவர் தாளிப்பனையைக் கையாண்டனர். தொழில் நுணுக்கம் ஏறத்தாழ ஒன்றே. இன்றும் அலுவிகாரையில் வருவோருக்கு இம்முறை எழுதிக் காட்டப்படுகின்றது.

எழுதி வைத்தமையால் மட்டும் ஏடு நிலைத்துவிடவில்லை. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தில் அலுவிகாரை பெரும் அழிவுக்குள்ளாயிற்று. அங்கிருந்த ஏடுகளும் அழிந்தன. அதே வீதியின் வடகோடியில், 1981 ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதியையொட்டிய இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அரிய தமிழ்ச் சுவடிகளும் சாம்பலாயின. படி இல்லாத ஏட்டுக்கு ஒரு தீயே போதும்.

இவ்வூரிலே வேறொரு வகை ஆதரவையும் காண்கின்றோம். அலுவிகாரைக் குடும்பத்திற் பிறந்த ஏனா த சில்வா (1922–2015) 1960களில் பற்றிக் கலையில் முன்னோடியாக விளங்கினார். ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை விடுதியின் மேற்கூரையை அவரது துணிகளே அணிசெய்தன. 1980களில் சொந்த ஊருக்குத் திரும்பிய அவர், ஊர்ப்பெண்களைக் கொண்டு பற்றிக், தையல் வேலைப்பாடு முதலியவற்றை வளர்த்தார். அவருக்கு உறுதுணையாயிருந்தது நன்கொடையினும், கட்டடக் கலைஞர் நம்பிக் கொடுத்த வேலையே. கைத்தொழிலாளருக்குத் தானத்திலும் தொடர்ந்த வேலை சிறந்தது என்பது எமது துணிபு.

ஏடுகளுக்கோ வாங்குவோர் இல்லை. ஆதலின் நன்கொடையே கதி. 2004 முதல் பிரித்தானிய நூலகம், ஆர்க்கேடியா நிதியின் துணையுடன், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைப் படியெடுக்க உதவி வருகின்றது. மூல ஏடு நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்பது அதன் நல்ல விதி. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்திலும் அங்குள்ள ஏனைய தொகுப்புகளிலும் உள்ள சைவச் சுவடிகள் 2005 இலும், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள மகாவம்ச ஏடு 2023 இலும் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஈழத்திலே 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் பெரும்பாலும் தன்னார்வலரின் உழைப்பாலும் நன்கொடையாலுமே எண்ணிமப் படிகளைச் சேர்த்து வருகின்றது.

எனினும் இந்நிதிகளிற் பெரும்பகுதி படம் பிடித்தலோடு நின்றுவிடுகின்றது. படம் வாசிப்பு ஆகாது. பழைய தமிழ் ஏடுகளிற் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. கணினி இவற்றை வாசிக்கக் கற்க வேண்டுமாயின், முதலில் மனிதர் பல்லாயிரம் வரிகளை வாசித்து, படத்துக்கு எதிரே பெயர்த்தெழுதித் தருதல் வேண்டும். அவ்வரிகளே உண்மையான தரவு. அவற்றை வாசிக்க வல்லவர், பரம்பரை வைத்தியரும் சோதிடரும் முதிய புலவருமாகச் சிலரே. படக்கருவிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கேனும் இவர்களுக்கு மாதந்தோறும் ஊதியமாக வழங்கப்படுமாயின், அருகே ஓர் இளைஞரை அமர்த்தி அவ்வாசிப்பைக் கற்பிக்கவும் இயலும். அலுவிகாரையில் அன்று அத்தலைவன் சோறிட்டதும், ஓத வல்லாருக்கும் எழுத வல்லாருக்குமேயன்றி ஓலைக்கன்று.