பொன்னின் நிறமும் இரு கலைச்சொற்களும்

பழந்தமிழில் பொன் என்னுஞ் சொல் தங்கத்தையன்றி உலோகத்தைப் பொதுவாகவும் குறித்தது. இரும்பைக் கரும்பொன் என்றும் வெள்ளியை வெண்பொன் என்றும் வழங்கியமை இதற்குச் சான்று. நிறம் பொருளோடு பிறந்த பண்பு என்னுங் கருத்து இப்பெயரீட்டின் அடியில் உள்ளது. மருத்துவத்திற்கென ஆக்கப்படும் பொன் நுண்துகள்களோ இக்கருத்திற்கு அடங்குவன அல்ல.

1857ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே, பொன்னை மிக நுண்ணிய துகளாக நீரிற் பரவச் செய்து, அந்நீர் மாணிக்கம்போற் சிவந்து தோன்றுதலைக் காட்டினார். ஏறத்தாழ 20 நானோமீட்டர் விட்டமுள்ள துகள்கள் செந்நிறந் தரும். அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பருப்பின் நிறம் நீலமாகத் திரியும். நானோமீட்டராவது மீட்டரின் நூறு கோடியில் ஒரு கூறு. துகளினுள் இயங்கும் எலக்ட்ரான்கள் ஒளியலையோடு கூடி அசைதலே காரணம். அவ்வசைவு துகளின் அளவையும் வடிவையும் பொறுத்தது. துகளைக் கோலாக நீட்டினும், சிலிக்காவின்மேற் பொன்னை மெல்லிய ஓடாகப் போர்த்தினும், அது கொள்ளும் ஒளி அகச்சிவப்பை நோக்கி நகரும். அவ்வொளி தசையுட் சற்று ஆழ்ந்து செல்ல வல்லது. கட்டியிற் சேர்ந்த துகளைச் சூடேற்றிக் கட்டியைச் சுடும். அமெரிக்காவில் புரோஸ்டேட் புற்றுநோயாளர் 16 பேரிடம் நிகழ்ந்த தொடக்கச் சோதனையில் 15 பேருக்கு இம்முறை நிறைவேறியதாக 2019இல் வெளியான கட்டுரை கூறும்.

கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் நானோ அறிவியலுக்குத் துறைகள் உள்ளன. ஜி. ஆர். தாமோதரனாரின் கலைக்கதிர் அறிவியல் தமிழை வளர்த்ததும் இந்நகரிலேயே. ஆதலின் இத்துறைச் சொற்களை ஆராய்தல் இங்குள்ளார்க்கு உரிய பணியாகும்.

இப்பொருளை நிறம் மாறும் பொருள் எனல் பொருந்தாது. அது பச்சோந்திக்கே தகும். ஈண்டு நிறம் தானே மாறுவதன்று, செய்வோன் வேண்டியவாறு அமைப்பது. எடுக்கும் பண்ணுக்கேற்ப யாழ் நரம்பை வீக்குதலைப் பண்ணல் என்பது இசைமரபு. கானல்வரி கூறும் எண்வகைச் செயல்களுள் அதுவே முதலாவது. எனவே ‘பண்ணத்தகு ஒளியியல்பு’ என்பதே தக்க ஆக்கமெனக் கருதுகின்றோம். பண்ணல் என்பது செய்தலையும் குறிக்குமே எனின், குறிக்கட்டும், இந்நிறமும் செய்யப்பட்டதன்றோ!

‘உயிரொவ்வு’ என்னுஞ் சொல்லில் இன்னும் விழிப்பு வேண்டும். அதுவும் பொன்னின் பிறவிக்குணமன்று. பொற்கோல்களை வளர்க்கப் பயன்படும் சி.டி.ஏ.பி. என்னும் வேதிப்பொருள் உயிரணுக்களைக் கெடுப்பது. அதனை அகற்றிப் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற உறையிட்ட பின்னரே அவற்றை உடலுக்குரியனவாகக் கருதுவர். ஆகவே உயிரொவ்வுப் பொன் என்பதினும் ‘உயிரொவ்வு உறையிட்ட பொன்’ என்பதே செப்பமானது. சொல் நீளுமே என்பார் உளர். இச்சொல் ஆய்வேட்டோடு நில்லாது, சோதனைக்கு இசைவளிக்கும் நோயாளியின் கைத்தாளிலும் வரும். பொன் என்றாலே தீங்கற்றது என்று அவர் கொள்ளுமாறு எழுதுதல் ஆகாது.