அடியிலிருந்து வரும் அழையா விருந்தாளிகள்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். 2,668 அடி உயர மலை அல்லவா? கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கான ஜனங்களின் தலை ஒரே திசையில் நிமிர்ந்திருக்கும். ஆனால், அந்த மலையடியில் வீடு கட்டிக் குடியிருக்கிறவர்கள் கொஞ்சம் கீழேயும் பார்க்க வேண்டும். வீட்டுத் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது? அங்கிருந்து வீட்டுக்குள் என்ன வருகிறது?

இரண்டு வருகின்றன. ஒன்று தண்ணீர். அதைக் கண்ணால் பார்க்கலாம், காலாலும் மிதிக்கலாம். மற்றொன்று ஒரு வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. அதன் பெயர் ரேடான். இந்த இரண்டு விருந்தாளிகளும் பெரும்பாலும் ஒரே வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். ஆகவே இருவரையும் பற்றிச் சேர்த்தே பேசுவோம்.

மலைச் சரிவில் நடந்தது

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் பேய்மழை. அன்று மாலை மலைச் சரிவிலுள்ள வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடிவிட்டன. உள்ளே இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மண்ணைத் தோண்டி உடல்களை வெளியே எடுக்கவே நாட்கள் ஆயின. அந்த வருஷம் தீபத்துக்கு மலை ஏறப் பக்தர்களை அனுமதிக்கவில்லை.

மலையே இறங்கி வரும்போது சிமென்டுப் பூச்சும் காப்பாற்றாது, மோட்டாரும் காப்பாற்றாது. சரிவில் வீடு கட்டாமல் இருப்பது ஒன்றுதான் வழி. சரிவில் மனை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், ஏன் மலிவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சமதரையில் இருப்பவர்களுக்குப் பாறை வராது. தண்ணீர் வரும். கருங்கல் மலை மழைநீரைக் குடிக்காது. மரமும் புல்லும் இருக்கும் இடத்தில் கொஞ்சம் தங்கும். மற்றதெல்லாம் வழிந்து ஓடிவிடும். மலையைச் சுற்றி எத்தனை குளங்கள், எத்தனை ஏரிகள்! ஓடைகள் மழைநீரைக் கொண்டுபோய் அவற்றில் சேர்த்துவந்தன. ஓடை இருந்த இடத்தில் தெருவும் மதில் சுவரும் வந்துவிட்டால் தண்ணீர் என்ன செய்யும்? அதற்குப் பழைய வழிதான் தெரியும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

மனை வாங்கப் போகிறவர்கள் வெயில் காலத்தில் போய்ப் பார்ப்பது வழக்கம். ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். குடையும், பத்து நிமிஷப் பொறுமையும் இருந்தால் போதும்.

பாட்டி வீட்டுப் படிகள்

பழைய காலத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். தெருவிலிருந்து மூன்று நான்கு படி ஏறினால்தான் திண்ணை. திண்ணை என்றால் வம்பு பேசுகிற இடம் என்று நாம் நினைக்கிறோம். வம்பும் பேசினார்கள்தான். ஆனால் அந்தப் படிகளுக்கு ஒரு காரணம் உண்டு. தெருவில் எவ்வளவு வெள்ளம் ஓடினாலும் வீட்டுக்குள் வராது. தரையும் காய்ந்து கிடக்கும். நடுவில் முற்றம் வேறு. மேலே வானம், நாலு பக்கமும் காற்று.

படி உயரமாக இருந்தாலும் ஈரம் வேறு வழியில் ஏறப் பார்க்கும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதல்லவா? செங்கல் சுவரும் அப்படியே மண்ணிலுள்ள நீரை இழுக்கிறது. சுவரின் அடிப்பக்கம் பொரிந்து, வெள்ளை உப்புப் பூத்துக் கொட்டுவது இதனால்தான். அடித்தளம் முடிந்து சுவர் எழும்பும் இடத்தில், நீர் புகாத கலவையில் ஒரு பட்டை போடச் சொல்ல வேண்டும். கொத்தனார்கள் இதை டி.பி.சி. என்பார்கள். வீடு கட்டும்போது செலவு சொற்பம். பிறகு போடுவதென்றால் சுவரை அறுக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. நம் ஊர்க் கொத்தனாரிடம் "பேஸ்மட்டம் எவ்வளவு?" என்று கேட்டால், தரையிலிருந்து வீடு எத்தனை அடி உயர்ந்திருக்கிறது என்று சொல்வார். வெள்ளைக்காரனிடம் அதே வார்த்தையைச் சொன்னால், பூமிக்கு அடியில் தோண்டிய அறையைக் காட்டுவான். வார்த்தை ஒன்று, ஒருவருக்கு அது மேலே, மற்றவருக்குக் கீழே! நம் கொத்தனாரின் அர்த்தம்தான் நம் மழைக்கு ஏற்றது என்பது என் கட்சி.

ஆனால், உயர்த்திக் கட்டிய வீடும் சில வருஷங்களில் பள்ளத்தில் இருப்பதைப் பார்க்கிறோம். வீடு இறங்கவில்லை. தெரு ஏறிவிட்டது! பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு தடவையும் தெரு சில அங்குலம் உயரும். முதலில் ஒரு படி மறையும். பிறகு இன்னொரு படி. கடைசியில் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியதுதான். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு மே மாதம் தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் தார் வண்டி வந்து நிற்கும்போது இந்த உத்தரவைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தார் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. இதில் ஏமாந்த பலர் இன்று வீட்டின் அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டையே தூக்கி உயர்த்துகிறார்கள்.

பூமிக்கு அடியில் அறை

மனை விலை ஏறிவிட்டதால் இப்போது கீழே தோண்டுவது அதிகமாகிவிட்டது. கார் நிறுத்த ஒரு தளம், சரக்கு வைக்க ஒரு கிடங்கு என்று ஆரம்பிக்கிறது. பிறகு அங்கே ஒரு ஆபீஸ் வந்துவிடும். காவலாளியின் கட்டிலும் வந்துவிடும்.

திருவண்ணாமலைக்கு நிலவறை புதிதல்ல. கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்கு அடியில் பாதாள லிங்க சந்நிதி இருக்கிறது. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றியவர், 1896இல் பதினாறு வயதுப் பிள்ளையாக அங்கேதான் தவத்தில் அமர்ந்தார். வெயில் நுழையாத ஈரமான இடம். பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகியும் அவர் அசையவில்லை. மற்றவர்கள்தான் அவரை மேலே தூக்கி வந்தார்கள். நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு இந்தப் பரீட்சை எதற்கு?

தண்ணீரின் பலத்தை நாம் குறைவாக மதிப்பிடுகிறோம். பத்தடி ஆழத்தில் சுவர் இருக்கிறது, சுற்றியுள்ள மண் மழையில் ஊறி நீர் நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர அடியையும் தண்ணீர் மட்டுமே சுமார் 280 கிலோ பாரத்துடன் தள்ளும். ஏறக்குறைய நாலு நெல் மூட்டை! ஒரு மயிரிழை விரிசல் கிடைத்தால் போதும், வந்துவிடும்.

எத்தனையோ வீடுகளில் நடக்கும் பேச்சு இது:

"ஏங்க, கீழ் ரூம் சுவரெல்லாம் பொரிஞ்சு கொட்டுதுங்க."

"பொங்கலுக்குப் பெயிண்ட் அடிச்சிடலாம், விடு."

பெயிண்ட் அடிப்பார்கள். அடுத்த மழைக்குப் பெயிண்டும் கொப்புளித்து உதிரும். தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது உள்ளே பூசி என்ன பயன்? வெளியேதான் தடுக்க வேண்டும். சுவரை ஒட்டிய தரை, பத்தடி தூரத்தில் ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் சுவர் ஓரத்தில் கொட்டக் கூடாது. குழாயை நீட்டித் தள்ளி விடுங்கள். பூச்செடி வேண்டுமென்று சுவரோடு பாத்தி கட்டித் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். தாழ்ந்த அறை ஏற்கெனவே இருந்தால், அதன் அடிமட்டத்தை ஒட்டி வெளியே வாய்க்கால் தோண்டி, துளையிட்ட குழாய் பதித்து, ஜல்லி நிரப்பி, நீரைப் பள்ளமான இடத்துக்கு வடிக்க வேண்டும்.

கீழ் அறையில் தண்ணீர் புகுந்துவிட்டால், மெயின் ஸ்விட்சை அணைக்காமல் காலை வைக்காதீர்கள். சாமானை எடுக்க ஓடாதீர்கள். 2024 ஜூலை 27ஆம் தேதி டில்லியில், ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறை நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்தது. படித்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். அந்த நிலவறை, சரக்கு வைக்கவும் வண்டி நிறுத்தவும் மட்டுமே அனுமதி பெற்ற இடம்.

இரண்டாவது விருந்தாளி

இனி அந்த வாயு. பாறையிலும் மண்ணிலும் யுரேனியம் என்ற தாது துளித்துளியாகக் கலந்திருக்கிறது. கருங்கல் வகைகள் பலவற்றில் இது மற்றக் கற்களைவிடச் சற்று அதிகம். யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. பாட்டனும் தகப்பனும் கல்லுக்குள்ளேயே கிடப்பார்கள். பிள்ளை மட்டும் வாயு. மண்ணின் இடுக்குகளில் புகுந்து வெளியே கிளம்பிவிடும்.

வெட்டவெளியில் வந்தால் காற்றில் கரைந்து போகும். யாருக்கும் தொந்தரவில்லை. மூடிய அறைக்குள் வந்தால் தேங்கும். ஏறக்குறைய நான்கு நாளில் அதில் பாதி தானாகவே அழிந்துவிடும். ஆனால் அடியிலிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும். அழியும்போது அது உண்டாக்கும் நுண்துகள்கள் மூச்சோடு நுரையீரலில் ஒட்டிக்கொண்டு, கதிர் வீசி, அங்குள்ள திசுக்களைக் கெடுக்கின்றன. பல வருஷம் இப்படி நடந்தால் புற்றுநோய் வரலாம். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகை. பல நாடுகளில் இரண்டாவது காரணம் ரேடான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீடி சிகரெட் பிடிக்கிறவருக்கு இந்த வாயுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

இது தெரியவந்த கதை சுவையானது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் அணுமின் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் அங்கே வேலை செய்தார். 1984 டிசம்பரில், அவர் வாசலைக் கடந்தாலே கதிர்வீச்சுக் கருவி மணி அடிக்க ஆரம்பித்தது. வேலை முடிந்து வெளியே போகும்போது அடித்தால் நியாயம். காலையில் உள்ளே வரும்போதே அடித்தது! வீட்டைச் சோதித்தார்கள். அமெரிக்க அரசாங்கம் பின்னர் வகுத்த வரம்பைப் போல் அறுநூறு மடங்குக்கு மேல் ரேடான் அங்கே இருந்தது. மனைவி மக்களோடு வெளியேறினார். பல மாதம் வேலை செய்து வீட்டைச் சரிப்படுத்திய பிறகே திரும்பி வந்தார். அணு உலையைவிடச் சொந்த வீடு மோசமாக இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

நாம் பயப்பட வேண்டுமா?

திருவண்ணாமலையைச் சுற்றிக் கருங்கல் இருக்கிறதே என்று யாரும் மூட்டை கட்ட வேண்டாம். குளிர் தேசத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நிலவறை மேல் வாழ்கிறார்கள். வீட்டுக்குள் சூடான காற்று மேலே போவதால், அடியிலுள்ள மண்காற்றை வீடு உறிஞ்சுகிறது. நாம் ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிறவர்கள். பாட்டியின் முற்றத்தில் ரேடான் எங்கே தங்கும்?

ஒரு கன மீட்டர் காற்றில் ரேடான் 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது. உலக வீடுகளின் சராசரி சுமார் 40தான்.

கவலைப்பட வேண்டியவர்கள் வேறு. ஏ.சி. போட்டு, இரவும் பகலும் ஜன்னல் திறக்காத தரைத்தளப் படுக்கையறையில் இருப்பவர்கள். பூமிக்கு அடியிலுள்ள அறையில் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்கிறவர்கள். அங்கேயே தூங்குகிற காவலாளி. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தும் தாய்மார்கள், அந்தப் பணத்தில் ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் கொசுவும் வராது, காற்றும் வரும்.

இரண்டு விருந்தாளிகளுக்கும் வாசல் ஒன்று என்றேனே, அதைப் பார்ப்போம். தரையும் சுவரும் சேரும் மூலை, குழாய் இறங்கும் ஓட்டை, தரையிலுள்ள விரிசல், சரியாக மூடாத சம்ப் தொட்டி. தண்ணீருக்காக இவற்றை அடைத்தால் வாயுவுக்கும் பாதி வழி அடைபடும். மீதிப் பாதிக்கு வேறு உபாயம் உண்டு. தரைத்தளம் போடும் முன் அடியில் ஒரு படுகை ஜல்லி பரப்பி, அதன் மேல் கனத்த பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, ஜல்லியிலிருந்து ஒரு குழாயை மாடிக்கு மேல் கொண்டு போய்விட வேண்டும். தேவைப்பட்டால் அந்தக் குழாயில் ஒரு சிறு விசிறி. மண்காற்று வீட்டுக்குள் வராமல் குழாய் வழியே வானத்துக்குப் போய்விடும். அதே ஜல்லிப் படுகையில் ஒரு வடிகால் வைத்தால் தண்ணீரும் வடியும்.

நிலவறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறியை மட்டும் மாட்டாதீர்கள். அது மண்காற்றையும் சேர்த்து உள்ளே இழுக்கும். வெளிக்காற்றை உள்ளே ஊதும் விசிறி வைத்து, கெட்ட காற்று போக எதிரே ஒரு திறப்பு விடுங்கள்.

வீட்டில் ரேடான் எவ்வளவு என்று அளக்கப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. ஒரு சிறு கிண்ணம், அதற்குள் ஒரு துண்டுப் படச்சுருள். அறையில் தொங்கவிட்டு மூன்று மாதம் மறந்துவிடலாம். ரேடான் வீசும் கதிர்கள் அந்தச் சுருளில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும். பிறகு ஆராய்ச்சிக்கூடத்தில் அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைப்பார்கள். கீறல்கள் குழிகளாகப் பெரிதாகும். அவற்றை நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்குச் சொல்வார்கள்.